குப்புறக் கிடந்து மட்டம் பார்த்த காலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிள்ளைகளுக்கு,

முப்பத்துமூன்று வருடம் எட்டு மாதம் வாய்க்காலும் குளக்கட்டுமாகத் திரிந்தவன் என்பதால் ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். குளக்கட்டு உடைந்த கதை, வெள்ளத்தில் துருசு திறந்த கதை என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றில் ஆறு என்னிடம் உண்டு. ஆறும் கந்தோர்க் கோவைகளில் இருக்கின்றன, தேடி வாசியுங்கள். நான் எழுதப்போவது எந்தக் கோவையிலும் இல்லாத ஒரு சாமானைப் பற்றி. என் முள்ளந்தண்டின் அடியில், நாலாம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே ஒரு டிஸ்க் இருக்கிறது. அது இரண்டு தரம் பிதுங்கியது. முதல் தரம் வெட்டினார்கள். இரண்டாம் தரம் நடந்ததுதான் இந்தக் கதை.

சிரிக்க வந்தால் சிரியுங்கள். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நின்றுகொண்டு எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுமாரியின் மூன்றாவது தட்டுத்தான் எனக்கு மேசை.

ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தபோது சத்திரசிகிச்சை நடந்தது. ஏழு தையல். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் பதினொரு கட்டளைகள் தந்தார். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, குனிந்து எடுக்கக்கூடாது, இப்படியே போகும். பதினொன்றையும் நான் ஒரு கொப்பியில் எழுதி, நாள்தோறும் சரி போட்டேன். கிணற்று வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் அள்ளியதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்க முதல் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ அறுநூறு கிராம். தூக்கவில்லை. பிள்ளையின் தாய் என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை.

பத்து மாதமும் இருபத்தாறு நாளும் இப்படிப் பத்திரமாகப் போயின. இருபத்தேழாம் நாள் என் மனைவி வட்டக்கச்சி வீட்டுக் குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தா. நான் மூன்று தரம் தும்மினேன். முதலாவது தும்மல் சும்மா. இரண்டாவதும் சும்மா. மூன்றாவதில் இடுப்புக்குள் ஏதோ ஒன்று நழுவியது. இடது பக்கத்தில் பின்தொடையால் இறங்கிக் கெண்டைக்கால் வரை நெருப்பு ஓடியது. பதினொரு கட்டளைகளில் தும்மலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிலத்தில் கிடந்தபடி நான் முதலில் நினைத்தது அதைத்தான்.

மனைவி வேலியால் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னா: "மூட்டை தூக்கேல்லை, மரத்திலையிருந்து விழேல்லை, மனிசன் தும்மி விழுந்தவர்!"

ஸ்கான் எடுத்தார்கள். அதே டிஸ்க், அதே பக்கம், வெட்டிய இடத்தாலேயே மறுபடி வெளியே வந்திருந்தது. டொக்டர் படத்தைக் காட்டி, "இது நூற்றிலை கொஞ்சப் பேருக்கு நடக்கிறது" என்றார். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். "ஐயா, நீங்கள் அந்தக் கொஞ்சத்துக்குள்ளை வந்திட்டியள், இனி எண்ணி என்ன?" என்றார். உடனே மறுபடி வெட்ட வேண்டியதில்லை, ஆறு கிழமை பார்ப்போம் என்று முடிவானது. ஆனால் ஒன்று சொன்னார். பாதம் தொங்கத் தொடங்கினால், சலம் கழிக்க ஏலாவிட்டால், கதிரையில் இருக்கும் அடிப்பக்கம் மரத்துப்போனால், அன்றைக்கே, அந்த மணித்தியாலமே வர வேண்டும், அடுத்த நாள் என்ற கதை இல்லை. இதை நீங்களும் எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரையில் சிரிப்பு இல்லாத வரி இதுதான்.

பிறகு என்னை உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். என் கடைசி மகளைவிட இளம் பிள்ளை. என் உத்தியோக வாழ்வில் எனக்கு வாய்த்த குருமாரை எண்ணினால் நாலு பேர் வருவார்கள். நாலாவது அவா. பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறா.

"நோ எங்கை நிக்குது, ஐயா?"

"கெண்டைக்காலிலை."

"குப்புறப் படுங்கோ. முழங்கையை ஊண்டி நெஞ்சை மட்டும் தூக்குங்கோ. பத்து நிமிசம் அப்பிடியே கிடவுங்கோ. இப்ப எங்கை?"

"தொடையிலை."

"நல்லது. இன்னும் கிடவுங்கோ. இப்ப?"

"இடுப்புக்கு வந்திட்டுது. முந்தியைவிடக் கூட நோகுது!"

"கூடட்டும். நோ காலை விட்டு மேலை ஏறினால் நரம்பு விடுபடுது எண்டு எனக்குச் சந்தோசம். கீழை இறங்கினால்தான் ஏசுவன்."

பிள்ளைகளே, முப்பது வருடமாகத் தண்ணீரைக் கீழே இறக்குவதற்குச் சம்பளம் வாங்கியவனிடம் போய் ஒன்றை மேலே ஏற்றச் சொன்னால் எப்படியிருக்கும்? எனக்கு அந்தக் கட்டிலிலேயே சிரிப்பு வந்தது. சிரித்ததும் நோ கெண்டைக்காலுக்கு இறங்கியது. அவா ஏசினா.

படுக்கையிலிருந்து எழும்புவதற்கு ஒன்பது அசைவுகள் சொல்லித் தந்தா. மரக்குற்றி உருளுவதுபோல முழு உடம்பையும் ஒன்றாகத் திருப்புவது, கையை ஊன்றுவது, முழங்காலில் நிற்பது என்று ஒன்பது. ஒன்றைக்கூட விடாமல், எண்ணி எண்ணித்தான் எழும்ப வேண்டும். கடைசியாகக் கேட்டா: "ஒரு நாளைக்குக் கதிரையிலை எவ்வளவு நேரம்?"

"களத்திலை நிக்கிற நாளிலை அரை மணித்தியாலம். கந்தோர் நாளிலை அஞ்சு."

"அந்த அஞ்சுதான் உங்களைக் கொல்லுது. நடவுங்கோ, நில்லுங்கோ, படுவுங்கோ. இருக்காதேங்கோ. சரிஞ்சு நிண்டாலும் பரவாயில்லை, கதிரை வேண்டாம்."

என் பிரச்சினை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முதுகு ஏலாது என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் திணைக்களம் 'இலகு வேலை' கொடுக்கும். இலகு வேலை என்றால் வவுனியாக் கந்தோரில் ஒரு கதிரை. பஸ்ஸில் இருந்தபடி போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை, நடுவில் கதிரையில் ஏழரை. கூட்டிப் பாருங்கள், பத்தரை. எனக்கு முன் ஒருவரை அப்படி அனுப்பினார்கள். ஓமந்தை வர முதலே பஸ்ஸில் எழும்பி நின்றுவிடுவாராம். ஆறாம் மாதம் வேலையை விட்டார், இப்போது பொல்லு ஊன்றுகிறார். எனக்கு மூன்று வருடம் மிச்சம் இருந்தது. அந்தக் கதிரையில் இருத்தினார்களென்றால் என் கால் முடிந்தது. அதனால் மறைத்தேன்.

கந்தோருக்குத்தான் மறைக்க முடிந்தது. என்னோடு களத்துக்கு வரும் இரண்டு பேருக்கும் முதல் கிழமையே தெரிந்துவிட்டது. ஒருவர் சிவலிங்கம். பத்தொன்பது வருடமாக எனக்கு மட்டக்கோல் பிடித்தவர். இலக்கம் எழுதிய அந்த உயரக் கோலை ஆணி அடித்ததுபோல நேராகப் பிடிப்பார். மற்றவர் ரபீக். முல்லைத்தீவுப் பிள்ளை, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சிங்களமும் பழகித் திரும்பி வந்தவர், லான்ட்மாஸ்டர் என்ற எங்கள் சின்ன உழவு இயந்திரத்தை ஓட்டுபவர். என் பேனை விழுந்தால் நான் அதைப் பார்ப்பதற்குள் ஒருவர் எடுத்துவிடுவார். பொறியியலாளர் வரும்போது நான் வாய்க்காலில் இறங்க வேண்டியிருந்தால், "ஐயா, அதுக்குள்ளை பாம்பு கண்டனான்" என்று ரபீக் சத்தம் வைப்பார். ஒரே கிழமையில் அந்த வாய்க்காலில் ஏழு பாம்பு.

இந்த அன்புதான் என்னைக் குழியில் தள்ளியது. அவர்கள் தள்ளவில்லை, நானே இறங்கினேன். ஆனால் படி வெட்டித் தந்தது அன்பு.

கண்டாவளைப் பக்கத்தில் ஒரு வயல் வாய்க்காலின் கடைசி அறுநூறு மீற்றரைத் திருத்த வேண்டியிருந்தது. மட்டம் பார்த்து, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று முளைக்கட்டை அடித்துக் காட்டுவது என் வேலை, வெட்டுவது குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் வேலை. மட்டவேலை எப்போதும் உயரம் தெரிந்த ஒரு கல்லில் தொடங்கி, முடிந்ததும் அதே கல்லுக்குத் திரும்பி வந்து மூட வேண்டும். போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்து வந்தால்தான் வேலை முடிந்தது. உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். நானும் அறுபத்திரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கல் பற்றைக்குள் இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு நடை. அதுவரை போய்வந்தால் மட்டக்கருவியை நாலு தரம் கூடுதலாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் கருவி பழசு, முக்காலியில் நிற்கும் ஒரு குழாய்க் கண்ணாடி. முக்காலியின் ஒரு கால் துருப்பிடித்துப்போய், காலை அகட்டலாம், நீட்ட ஏலாது. கண் வைக்க இடுப்பை ஒரு சாண் மடிக்க வேண்டும். நடப்பேன், நிற்பேன், அந்த ஒரு சாண் மட்டும் என்னால் முடியாது. ஒவ்வொரு தரமும் பல்லைக் கடித்துத்தான் குனிந்தேன்.

சிவலிங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கல்லுக்கு ஏன் அவ்வளவு தூரம்? இந்த மதகுத் தலையின்ரை உயரம் உங்கடை கொப்பியிலை கிடக்குத்தானே. முந்தி நீங்களே எழுதினது. இதிலை தொடங்குவம்."

"மூடுறது?"

"உங்கடை கணக்கு எப்ப ஐயா பிழைச்சது?"

பத்தொன்பது வருடத்தில் இனிப்பான பொய் அது ஒன்றுதான். நான் மதகின் கொங்கிறீற்றுத் தலையில் கோலை நிறுத்தித் தொடங்கினேன். மூடவில்லை. இரண்டரை மணித்தியாலத்தில் வீடு போய்க் குப்புறக் கிடந்தேன். வேலை நல்லாப் போனது என்று மனைவிக்குச் சொன்னதாகவும் ஞாபகம்.

சிறுபோக விதைப்புக்காகக் குளத்தின் துருசைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. மதகு வரை வந்து, புதிதாக வெட்டிய இடத்தில் நின்று, திரும்பிப் பக்கத்து வயலுக்குள் போனது. வாய்க்காலின் வால் காய்ந்து கிடந்தது. அங்கே பதினேழு குடும்பம். பதினேழு குடும்பமும் விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டி வைத்திருந்தது. முளைகட்டிய நெல் பொறுக்காது. மூன்றாம் நாளும் விதைக்காவிட்டால் சாக்குக்குள்ளேயே வேர் பின்னிப் பாயாகிவிடும்.

இரண்டாம் நாள் பின்னேரம் பூரணம் அக்கா என்னைத் தேடி வந்தா. வாய்க்கால் வாலில் மூன்று ஏக்கர் செய்பவா, என்னைவிட இரண்டு வயது மூப்பு. கையில் ஒரு பிடி முளைநெல்.

"ஐயா, வேர் பாருங்கோ. விரலளவு. கொந்தராத்துக்காரன் உயரமா வெட்டிப்போட்டான் எண்டு சனம் சொல்லுது. நாளைக்குப் பத்து மணிக்கு எஞ்சினியர் வாறாராம். அவனை விடுறேல்லை எண்டு எல்லாரும் நிக்கினம்."

நான் மதகில் போய் நின்று பார்த்தேன். தலைப்பகுதியில் கொங்கிறீற்றின் நிறம் இரண்டாக இருந்தது. கீழே பழசு, மேலே புதுசு. கடைசி வெள்ளத்துக்குப் பிறகு யாரோ உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். என் கொப்பியிலிருந்த உயரம் பழைய தலைக்கு. எவ்வளவு உயர்த்தினார்களோ, அவ்வளவுக்கு என் முளைக்கட்டைகளும் உயர்ந்து போயிருக்கும். கொந்தராத்துக்காரர் என் கட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்.

ஒரு நிமிடம் வேறொரு கணக்குப் போட்டேன். அந்த நிமிடத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். பேசாமல் விட்டால் பழி கொந்தராத்துக்காரருக்குப் போகும். சொன்னால் "ஏன் கல்லுக்குப் போகவில்லை" என்ற கேள்வி வரும். அதற்கு ஒரே பதில் முதுகு. முதுகைச் சொன்னால் கதிரை.

முதலில் எத்தனை சென்ரிமீற்றர் என்று அறிய வேண்டும் என்று தீர்மானித்தேன். எண் தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளுவது எனக்குப் பழக்கமில்லை. கல்லில் தொடங்கி, முழு அறுநூறு மீற்றரும் பார்த்து, திரும்பிக் கல்லில் மூட வேண்டும். பதினான்கு தரம் கருவி நிறுத்த வேண்டும். பதினான்கு தரம் ஒரு சாண். நினைத்தவுடனேயே நோ கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது.

ரபீக்தான் சொன்னார், பகிடியாக: "ஐயா வீட்டை குப்புறக் கிடந்துதானே பேப்பர் வாசிக்கிறவர். மெசினையும் நிலத்திலை வச்சால் என்ன?"

சிவலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முக்காலியின் கால்கள் அகலும்! நீளாதே தவிர, நன்றாக அகலும். முழுதாக அகட்டினால் கண்ணாடி நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வரும். குப்புறக் கிடந்து முழங்கை ஊன்றினால் என் கண்ணும் ஒரு முழத்தில்தான் இருக்கும். மிஸ் சொல்லித் தந்த அதே கிடை!

அடுத்த நாள் காலை ஐந்தேமுக்காலுக்குத் தொடங்கினோம். வெயில் ஏறினால் நிலத்தோடு காற்று நடுங்கும், கோலின் இலக்கம் ஆடும். ரபீக் லான்ட்மாஸ்டரில் கிடந்த நெகிழிப் பாயை எனக்கு விரித்தார். பிறகு கத்தியோடு முன்னே போய், என் கண்ணுக்கும் கோலுக்கும் நடுவில் நின்ற புல்லை வெட்டினார். நான் படுப்பேன், பார்ப்பேன், சொல்லுவேன், ஒன்பது எண்ணி எழும்புவேன், நடப்பேன், மறுபடி படுப்பேன்.

"முதலை கரையேறினமாதிரிக் கிடக்கு, ஐயா" என்றார் சிவலிங்கம்.

"கோலை நேராப் பிடியும்."

"முதலைக்குக் கோபம் வருது, ரபீக். கிட்டப் போகாதை."

நாலாம் தரத்தில் நோ கெண்டைக்காலை விட்டது. ஐந்தாம் தரத்தில் தொடைக்கு வந்தது. பிள்ளைகளே, என்ன சந்தோசம் தெரியுமா! ஒவ்வொரு வாசிப்பையும் எழுதி, பக்கத்தில் நோ நின்ற இடத்தையும் எழுதினேன். மட்டக்கொப்பியில் 'தொடை நடு' என்று எழுதியிருக்கும் ஒரே பக்கம் வன்னியில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஆறாம் தரம் வாய்க்கால் கரை வீதியை ஒட்டி வந்தது. சற்றுத் தள்ளி ஒரு இராணுவ முகாம். அதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அதை எண்ணவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். போர் நடந்து முடிந்த வன்னியில், காலை ஆறேமுக்காலுக்கு, புல்லுக்குள் ஒரு கிழவன் குப்புறக் கிடக்கிறான். முன்னே மூன்று காலில் ஒரு குழாய். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் அதற்குள் பார்க்கிறான்.

பின்னால் இரண்டு சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்: "எழும்பு! எழும்பு!"

இளம் குரல். நடுங்கிய குரல். பயந்தவனின் அவசரம் கோபக்காரனின் அவசரத்தைவிட ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். துள்ளி எழும்பினால் டிஸ்க் போகும். எழும்பாமல் கிடந்தால் என்ன போகும் என்று யோசிக்க விரும்பவில்லை. எனக்குச் சரியாகச் செய்யத் தெரிந்த காரியம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர்களுக்கு நான் அசைவது முன்கூட்டியே தெரியட்டும் என்று, சத்தமாக எண்ணத் தொடங்கினேன்.

"ஒண்டு!" உடம்பை இறுக்கினேன்.

"ரெண்டு!" மரக்குற்றியாக உருண்டேன். இப்போது அவர்களைப் பார்க்க முடிந்தது. இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர். அதில் ஒருவனுக்குத் தமிழில் எண்ணத் தெரிந்திருக்கிறது. "மூண்டு" என்றதும் அவன் ஓரடி பின்னால் போனான். "நாலு" என்றதும் மற்றவனையும் இழுத்துக்கொண்டு மூன்றடி போனான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ணி முடிந்ததும் ஏதோ நடக்கப்போகிறது என்று அவன் நினைக்கிறான்!

நிறுத்தலாம் என்றால் நாலாம் அசைவில் நிறுத்தக்கூடாது, ஒரு கையில் தொங்கிக்கொண்டு நிற்பதுபோல அது. "அஞ்சு!" இருவரும் மருதமரத்துக்குப் பின்னால். "ஆறு! ஏழு!" மரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தொப்பி. "எட்டு!" ஒரு தொப்பியும் இல்லை. "ஒன்பது!"

நான் எழும்பி நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கொக்கு மட்டும் பறந்தது.

அதற்குள் ரபீக் கத்தியைத் தூர எறிந்துவிட்டு, சிங்களத்தில் சத்தமாக விளக்கிக்கொண்டு ஓடிவந்தார். முதுகு, ஒப்பரேசன், வாய்க்கால், தண்ணீர் என்று எல்லாம் சொல்லியிருப்பார். மரத்துக்குப் பின்னால் முதலில் ஒரு சிரிப்புக் கேட்டது, பிறகு இரண்டு. சிவலிங்கம் தூரத்தில் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்றார். மற்றக் கையில் மட்டக்கோல், ஆணி அடித்ததுபோல நேராக.

"அதை ஏனப்பா இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"விட்டால் வாசிப்புப் போயிடுமே, ஐயா!"

தமிழ் எண்ணத் தெரிந்த பையன் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டான். என் பாயில் குப்புறப் படுத்துக் கண்ணை வைத்தான். பழைய கருவிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஒரு கையைத் தூக்கியபடி தலைகீழாக நிற்கும் சிவலிங்கத்தைக் கண்டு அவன் புல்லில் உருண்டான். பிறகு மற்றவனும் படுத்துப் பார்த்தான். ஏழு நிமிடம் போனது. எனக்கு நேரம் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம், நோ இடுப்புக்கு ஏறிவிட்ட ஆனந்தம் மறுபக்கம். எழுதினேன்: 'இடுப்பு, இடது.'

எட்டேமுக்காலுக்குக் கல்லில் திரும்பி மூடினோம். போனதுக்கும் வந்ததுக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீற்றர். மதகின் தலை என் கொப்பியைவிடப் பதினேழு சென்ரிமீற்றர் உயரம்.

பத்து மணிக்குப் பொறியியலாளர் வந்தார். என் மகன் வயது, நல்ல பிள்ளை. வாய்க்கால் கரையில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். கொந்தராத்துக்காரர் நடுவில் வேர்த்துப்போய், "கட்டை சொன்னபடிதான் வெட்டினனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கணக்கு முடிந்துவிட்டது.

"வெட்டினது சரி. கட்டை பிழை. கட்டை என்ரை. பதினேழு சென்ரிமீற்றர்" என்றேன்.

பொறியியலாளர் என்னைப் பார்த்தார். "சேர், நீங்களோ? கல்லிலையிருந்து தொடங்கேல்லையோ?"

"இல்லை."

"மூடவுமில்லையோ?"

"இல்லை. எனக்கு டிஸ்க் திரும்பப் பிதுங்கியிருக்கு. ரெண்டரை மாதமா. குனிய ஏலாது. மறைச்சுப்போட்டன்."

 பூரணம் அக்காதான் முதலில் வாய் திறந்தா. கையில் அந்த முளைநெல் இன்னும் இருந்தது.

"முதுகு ஏலாதெண்டால் ஏலாது எண்டு சொல்லுறதுக்கென்ன, ஐயா? முதுகுக்குத்தானே ஒப்பரேசன் செய்தவை, வாய்க்குமோ?"

சனம் சிரித்தது. கொந்தராத்துக்காரரும் சிரித்தார், பாவம், அவருக்குத்தான் கூடச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பெரிதாகச் சிரித்தும் நோ கீழே இறங்கவில்லை. அதையும் கவனித்தேன்.

அக்கா விடவில்லை. "சிரிக்காதேங்கோ. எனக்கு இண்டைக்குத் தண்ணி வேணும்."

பதினொரு மணிக்கு வெட்டும் இயந்திரம் இறங்கியது. நான் திருத்திய மட்டத்தைக் கரையில் நின்று சொல்லச் சொல்ல, கொந்தராத்துக்காரர் ஒரு சொல் குறை சொல்லாமல் பதினேழு சென்ரிமீற்றரும் எடுத்தார். பின்னேரம் நாலு மணிக்கு மதகைத் தாண்டிய தண்ணீர், ஐந்து இருபதுக்கு அக்காவின் வரம்பைத் தொட்டது. பதினேழு குடும்பத்தில் பதினாறு அன்றிரவுக்குள் விதைத்தது. ஒரு குடும்பத்தின் நெல் பின்னிப்போயிற்று. மற்றப் பதினாறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு குடும்பத்தை நான் இன்னும் எண்ணுகிறேன். நல்ல வேளை என்று நீங்கள் சொன்னாலும் எண்ணுவேன்.

பொறியியலாளர் போக முதல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேர், எனக்குத் தெரிய வந்திட்டுது. இனி நான் எழுதத்தான் வேணும். எழுதினால் இலகு வேலை தருவினம்."

"கதிரைதானே?"

"ஓம்."

"தம்பி, எனக்குக் கதிரைதான் பாரம். வாய்க்கால் இலகு. உள்ளதை உள்ளபடி எழுதும்."

மிஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன். காலையில் எழுதிய மட்டக்கொப்பியையும் காட்டினேன். ஒரு பக்கம் வாசிப்பு, மறுபக்கம் கெண்டைக்கால், தொடை நடு, இடுப்பு. அவர் பதினான்கு வரியையும் விரலால் தொட்டு வாசித்தார். பிறகு லான்ட்மாஸ்டர் பெட்டியில் தாளை வைத்து எழுதினார். கடிதம் எட்டு வரி. என் பிழை மூன்று வரி, என் முதுகு நாலு வரி. கடைசி வரியை மட்டும் உங்களுக்காகப் பார்த்து எழுதுகிறேன்: 'மேற்படி உத்தியோகத்தருக்கு எக்காரணம் கொண்டும் கதிரை வழங்கப்படலாகாது.'

பிழைக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. நியாயம். முதுகுக்கு வைத்தியசபை வவுனியாவுக்குக் கூப்பிட்டது. மூன்று டொக்டர்மார், நீளமான மேசை, எதிரே எனக்கு ஒரு கதிரை. நடுவிலிருந்தவர் கோவையைத் திறக்காமலே, "இருங்கோ" என்றார்.

"மன்னிக்க வேணும், எனக்கு அதுக்கு அனுமதியில்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் கோவையைத் திறந்து எட்டாவது வரிக்கு வந்தார். பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். அவர் மூன்றாமவரிடம் தள்ளினார். மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முறையாகச் சோதித்தார்கள். கால் பெருவிரலை அழுத்தினார்கள், நான் எதிர்த்துத் தூக்கினேன். குதிக்காலில் பத்து எட்டு, நுனிக்காலில் பத்து எட்டு நடந்தேன். பாதம் தொங்கவில்லை. படுத்துக் காட்டச் சொன்னார்கள். அவர்களின் சீமெந்து நிலத்திலேயே குப்புறப் படுத்து, முழங்கை ஊன்றி, ஒன்பதும் எண்ணி எழும்பினேன். ஒருவரும் மரத்துக்குப் பின்னால் ஓடவில்லை.

இதை வாசித்துவிட்டு முதுகு நொந்தவனெல்லாம் வாய்க்கால் கரையில் போய்ப் படுக்கவேண்டாம். என் டிஸ்க்குக்குச் சரிவந்தது உங்களுடையதுக்குச் சரிவராமல் போகலாம், முதலில் காட்டுங்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் பிதுங்கியபடி இருக்கிறது. இரண்டாம் வெட்டு இதுவரை தேவைப்படவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் கெண்டைக்காலை எட்டிப் பார்க்கும், நான் பாயை விரிப்பேன். உங்களிடம் நான் கேட்பது அதல்ல. ஏலாததை முதல் நாளே உரத்துச் சொல்லுங்கள். உங்கள்மேல் அன்பு வைத்தவர்கள் 'உங்கடை கணக்கு எப்ப பிழைச்சது' என்று சொல்லும் அன்றைக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு எட்டானாலும் நடந்து போய்க் கல்லில் மூடுங்கள்.

வைத்தியசபை அன்றைக்கே முடிவு சொன்னது. மிச்சக் காலம் முழுக்கக் களம். நடுவிலிருந்த டொக்டர் கையெழுத்து வைத்துவிட்டு, பேனையை மூடாமலே கேட்டார்: "அது சரி, இஞ்சை வவுனியாவுக்கு எப்பிடி வந்தனியள்? பஸ்ஸிலையோ?"

"ஓம்."

"ஒண்டரை மணித்தியாலமும்?"

"நிண்டுகொண்டு."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு எழும்பி நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்ற இரண்டு பேரும் எழும்பினார்கள். அந்த அறையில் நாலு பேர், நாலு கதிரை, ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை.